அல் ஆர்பர்: 12 கோல் போட்டவர், 1,500 ஆட்டம் நடத்தியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பக்கம் புதிதாக வருபவர்கள் வெய்ன் கிரெட்ஸ்கி, பாபி ஓர் என்று ஆரம்பித்து, கொஞ்ச நாளில் பழைய நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியில் வந்து நிற்பார்கள். அங்கே பெஞ்சுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பற்றி என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆட்டமே தெரியாதவர்களும் படிக்கலாம். தேவையான விதிகளை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அல் ஆர்பர் யார்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நிக்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன சட்பரி ஊரில் 1932 நவம்பர் 1 அன்று பிறந்தவர். 1953 முதல் 1971 வரை பின்கள வீரராக ஆடினார். அதன் பிறகு பயிற்சியாளர். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்-லில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியை 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு முறை, அந்த லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வெல்ல வைத்தவர். 2015 ஆகஸ்ட் 28 அன்று ஃபுளோரிடாவில் காலமானார். கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் அவரை வாட்டின.

பின்கள வீரர் என்றால் என்ன வேலை?

பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர். கோல் கீப்பர் ஒருவர், முன்கள வீரர்கள் மூன்று பேர், பின்கள வீரர்கள் இரண்டு பேர். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். எதிரணி ஆட்கள் முழு வேகத்தில் உங்களை நோக்கி வருவார்கள். நீங்கள் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே அவர்களை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். முகம் எதிரியைப் பார்த்திருக்கும், கால் சொந்தக் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். முதன்முதலில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் விழுந்து எழுவது இதில்தான்.

அப்புறம் ஷாட்டை மறிப்பது. பக் என்பது 7.6 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. எடை சுமார் 170 கிராம். கையில் வாங்கிப் பார்த்தால் பெரிய கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி இருக்கும், ஆனால் கனக்கும். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள், தளத்தில் துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக. அந்த வில்லை மணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதன் குறுக்கே உடம்பைப் போட்டுப் படுப்பதுதான் மறிப்பது. ஆர்பருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த வேலை.

கண்ணாடி போட்டுக்கொண்டா ஆடினார்?

ஆமாம். சாதாரண மூக்குக் கண்ணாடி. பழைய ஆட்டக்காரர் அட்டைகளில் அவர் படத்தைப் பார்த்தால், ஏதோ கணக்கு வாத்தியார் தவறுதலாக ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று தோன்றும். ஹெல்மெட் கட்டாயமில்லாத காலம் அது. தலையில் ஒன்றும் இல்லாமல், முகத்தில் கண்ணாடியோடு, பக்கின் குறுக்கே விழுந்தார். என்.எச்.எல்-லில் கண்ணாடி அணிந்து ஆடிய கடைசி வீரர் என்று அவரைச் சொல்வார்கள். 'ரேடார்' என்ற பட்டப்பெயரும் உண்டு.

626 ஆட்டத்தில் 12 கோல்தானா? அச்சுப் பிழை இல்லையே?

பிழை இல்லை. லீக் ஆட்டங்கள் 626, கோல் 12, கோலுக்கு உதவியவை 58. ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையில் சராசரியாக ஐம்பது ஆட்டத்துக்கு மேல். அதே காலத்தில் பாஸ்டனில் பாபி ஓர் என்ற இளைஞர், பின்கள வீரரும் தளம் முழுக்கப் பாய்ந்து கோல் போடலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஆர்பர் பழைய வகை. தன் பகுதியை விட்டு நகர மாட்டார். எதிரணி கோல் போடாமல் போனால் அன்றைய வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிற ஆள்.

இந்த எண்ணைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பின்னால் இவர் உருவாக்கிய அணி, கோல் போடுவதில் அந்தக் காலத்தின் பெரிய அணிகளில் ஒன்று. தானே கோல் போடத் தெரியாதவர் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு இவரிடம் பிடித்த புதிர்.

வீரராக எத்தனை கோப்பை?

கணக்கில் நான்கு: டெட்ராய்ட் (1954), சிகாகோ (1961), டொரண்டோ (1962, 1964). அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு அணிகளோடு கோப்பை வென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் இவர் ஒருவர். ஆனால் நான்கிலும் இவர் நட்சத்திரம் இல்லை. 1963–64 பருவத்தில் டொரண்டோவுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் ஆறு. மீதியெல்லாம் ரோச்செஸ்டர் அமெரிக்கன்ஸ் என்ற அணியில், அதாவது ஒரு படி கீழே உள்ள லீக்கில்.

அன்றைக்கு என்.எச்.எல்-லில் இருந்தது ஆறே அணிகள். மொத்தமே நூற்றிருபது பேருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நிச்சயம் உச்ச லீக்கில் ஆடக்கூடிய பலர் அன்று கீழே கிடந்தார்கள். ஆர்பர் மேலே வருவார், யாருக்காவது காயம் ஆறினால் கீழே போவார், மறுபடி வருவார். ரோச்செஸ்டரில் 1965-லும் 1966-லும் அந்த லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார்கள். 1965-ல் அந்த லீக்கின் சிறந்த பின்கள வீரர் விருதும் அவருக்குத்தான். அந்த அணியில் உடன் ஆடிய இன்னொரு பின்கள வீரர் டான் செர்ரி. பிற்காலத்தில் பாஸ்டனின் பயிற்சியாளர், பிறகு பளபள கோட்டுகளோடு கனடா தொலைக்காட்சியில் சத்தம் போட்டவர். ஒரே உடைமாற்றும் அறையிலிருந்து இரண்டு பயிற்சியாளர்கள், குணத்தில் இருவரும் எதிரெதிர் துருவங்கள்.

அப்புறம் எப்படி மேலே வந்தார்?

1967-ல் லீக் ஆறு அணியிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. புதிய அணிகளுக்கு அனுபவஸ்தர்கள் தேவைப்பட்டார்கள். செயிண்ட் லூயிஸ் புளூஸ் இவரை எடுத்துக்கொண்டு முதல் கேப்டனாக்கியது. வயது 35-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓய்வு பற்றி யோசிக்கும் வயதில் இவருக்கு நிரந்தர நாற்காலி கிடைத்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். இன்றும் என்.எச்.எல் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர். புளூஸ் முதல் மூன்று ஆண்டும் (1968, 1969, 1970) இறுதிச் சுற்றுக்குப் போனது. மூன்று முறையும் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. புதிய அணிகளையெல்லாம் ஒரே பிரிவில் போட்டிருந்ததால் அவற்றில் ஒன்று கட்டாயம் இறுதிக்கு வந்துவிடும். அங்கே பழைய அணி காத்திருக்கும். பாபி ஓர் காற்றில் பறக்கும் அந்த உலகப் புகழ்பெற்ற படம் 1970 மே 10 அன்று எடுக்கப்பட்டது. அன்று தோற்றது செயிண்ட் லூயிஸ்தான்.

பயிற்சியாளரானது எப்போது?

1970-ல் போமன் மேலாளர் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்பரைப் பயிற்சியாளராக்கினார். இங்கே ஒரு வேடிக்கை. 50 ஆட்டம் நடத்திய பிறகு ஆர்பர் மறுபடி ஸ்கேட் கட்டிக்கொண்டு வீரராக இறங்கிவிட்டார், போமன் பெஞ்சுக்குத் திரும்பினார். நேற்று வரை ஆணையிட்ட ஆள் இன்று பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேட் நாடாவை இழுத்துக் கட்டுகிறார். அந்த அறையில் மற்றவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த 50 ஆட்டத்தில் 21 வெற்றி, 15 தோல்வி, 14 சமன். மோசம் என்று சொல்ல முடியாது.

அடுத்த பருவத்தின் நடுவில் திரும்பவும் பயிற்சியாளர். அதற்கடுத்த 1972–73 பருவத்தில் 13 ஆட்டத்தோடு வேலை போய்விட்டது. புளூஸ் உரிமையாளர்கள் அடிக்கடி பயிற்சியாளரை மாற்றுவார்கள். அந்த வரிசையில் இவரும் ஒருவர். மூன்று பருவங்களும் சேர்த்து 107 ஆட்டம், 42 வெற்றி.

ஐலண்டர்ஸ் வேலை எப்படிக் கிடைத்தது?

லாங் ஐலண்ட் என்பது நியூயார்க் நகரத்தை ஒட்டிய நீண்ட தீவு. 1972-ல் அங்கே தொடங்கிய ஐலண்டர்ஸ், முதல் பருவத்தில் 78 ஆட்டத்தில் 12 வென்று 60 தோற்றது. அதுவரை என்.எச்.எல் கண்ட படுமோசமான பருவம். மேலாளர் பில் டோரி, எப்போதும் வில் டை கட்டுபவர். பழைய ஆட்களை விலைக்கு வாங்கி ஒட்டுப்போடாமல் இளைஞர்களைக் கொண்டு மெதுவாகக் கட்டுவோம் என்று பிடிவாதமாக இருந்தார். 1973-ல் ஆர்பரைக் கூப்பிட்டபோது, நியூயார்க்கில் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று அவர் முதலில் தயங்கினார். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் லாங் ஐலண்ட் வேறு, மன்ஹாட்டன் வேறு என்று புரிந்தது. மரமும் தோட்டமும் கடற்கரையும் உள்ள புறநகர். ஒப்புக்கொண்டார்.

முதல் ஆண்டிலேயே ஏதாவது மாறியதா?

புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் பெரிதாக இல்லை. 19 வெற்றி, மறுபடி கடைசி வரிசை. ஆனால் இன்னொரு எண்ணைப் பாருங்கள். முந்தைய ஆண்டு வாங்கிய கோல்கள் 347. ஆர்பர் வந்த ஆண்டு 247. ஒரே பருவத்தில் சரியாக நூறு குறைந்தது. புதிதாக வந்த டெனிஸ் பாட்வின் என்ற இளம் பின்கள வீரருக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆளால் மட்டும் நூறு கோலை நிறுத்த முடியாது.

வீடு கட்டுபவர் முதலில் கூரை ஒழுகலை அடைப்பது போல ஆர்பர் செய்தார். கோல் போடுவது அப்புறம், முதலில் வாங்குவதை நிறுத்து. 12 கோல் போட்ட மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?

1975-ல் என்ன நடந்தது? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

சொல்ல வேண்டியதுதான். அணி பிறந்து மூன்றாவது பருவம், முதன்முறையாக பிளே-ஆஃப். பிளே-ஆஃப் என்பது லீக் முடிந்த பின் நடக்கும் நாக்-அவுட் தொடர். ஒரே எதிரணியோடு திரும்பத் திரும்ப மோத வேண்டும். முதல் சுற்றில் அதே ஊர்ப் பெரிய அண்ணன் நியூயார்க் ரேஞ்சர்ஸை, மூன்றாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் (சமனானால் நடக்கும் கூடுதல் நேரம், முதல் கோலோடு முடிந்துவிடும்), 11 விநாடியில் வென்றார்கள். 11 நிமிடம் இல்லை, விநாடி.

அடுத்து பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ். ஏழு ஆட்டத் தொடர். நான்கு வென்றால் போதும். ஐலண்டர்ஸ் முதல் மூன்றையும் தோற்றது. அப்படித் தோற்ற அணி மீண்டுவந்து தொடரை வென்றது அதுவரை ஒரே ஒரு முறை, 1942-ல் டொரண்டோ. ஆர்பர் செய்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று: கோல் கீப்பர் பில்லி ஸ்மித்தை உட்காரவைத்துவிட்டு சிக்கோ ரெஷை இறக்கினார். நான்காவது ஆட்டம் வெற்றி. ஐந்தாவது, ஆறாவதும் வெற்றி. ஏழாவது பிட்ஸ்பர்க்கில், ஏப்ரல் 26. கடைசி ஐந்தாறு நிமிடம் வரை 0–0. கேப்டன் எட் வெஸ்ட்ஃபால் ஒரு கோல் போட்டார். 1–0.

அத்தோடு விடவில்லை. அடுத்த சுற்றில் நடப்புச் சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸிடமும் முதல் மூன்றைத் தோற்று, அடுத்த மூன்றை வென்று, ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை குழியிலிருந்து ஏறிவந்த அணி வேறு எதுவும் இல்லை. 2010-ல் ஃபிளையர்ஸ், 2014-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் ஆகியவையும் பின்னாளில் 0–3-லிருந்து தொடர் வென்றன. ஆனால் அவை ஒரு முறை மட்டும்.

மைக் பாஸியைத் தேர்ந்தெடுத்தது ஆர்பரா?

கடைசி வார்த்தை அவருடையது என்று சொல்லலாம். 1977-ல் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். ஐலண்டர்ஸின் முறை பதினைந்தாவது. இரண்டு பெயர் மிச்சம் இருந்தன. ஒருவர் டுவைட் ஃபாஸ்டர், கோலும் போடுவார், தடுப்பாட்டமும் ஆடுவார். மற்றவர் மைக் பாஸி, ஜூனியர் ஆட்டங்களில் கோல்களைக் குவித்தவர், ஆனால் தன் பக்கத்துக்குத் திரும்பி வந்து தடுக்க மாட்டார், உடம்பும் ஒல்லி என்று பல அணிகள் ஒதுக்கிவிட்டன. டோரி ஆர்பரைக் கேட்டார். பாஸியை எடுங்கள் என்றார் ஆர்பர். தடுப்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், கோல் போடும் கையைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

முதல் பருவத்திலேயே 53 கோல்; புதுமுகத்துக்கு அன்று அதுதான் சாதனை. தொடர்ந்து ஒன்பது பருவம் ஐம்பதுக்கு மேல். மொத்தம் 752 ஆட்டத்தில் 573.

முன்னே சொன்ன புதிருக்கு என் விடை இதில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தடுப்பாட்டத்தை உழைத்துக் கற்றவருக்குத்தான் அது உழைத்தால் வரும் என்று தெரியும். கோல் போடும் கை அப்படி வராது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பதினெட்டு ஆண்டு முயன்றும் தன்னிடம் வராத ஒன்றல்லவா அது. முன்கள நட்சத்திரம் ஒருவர் மேசையில் உட்கார்ந்திருந்தால் பாஸியைத் தவறவிட்டிருப்பாரோ என்னவோ.

கோப்பை வர ஏன் 1980 வரை ஆனது?

திறமை 1978-லேயே இருந்தது. பாஸி, பிரையன் ட்ராட்டியர், கிளார்க் கில்லீஸ் முன்னால், பாட்வின் பின்னால். ஆனால் 1978-ல் டொரண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தில், ஓவர்டைமில் தோற்றார்கள். 1979-ல் 116 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம், ஆர்பருக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது. பிறகு அரையிறுதியில் ரேஞ்சர்ஸிடம் தோல்வி. பக்கத்து வீட்டுக்காரரிடம் தோற்பது தனி வலி. லீக்கில் புலி, பிளே-ஆஃபில் எலி என்று ஊர் பேசியது.

1980 மார்ச் 10 அன்று டோரி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து புட்ச் கோரிங்கை வாங்கினார். விலையாகக் கொடுத்தது இரண்டு பழைய ஆட்கள்: அணி வரலாற்றின் முதல் தேர்வான பில்லி ஹாரிஸ், நீண்ட நாள் பின்கள வீரர் டேவ் லூயிஸ். ஏழு வருடம் ஒன்றாகத் தோற்றவர்கள், கோப்பைக்கு இரண்டரை மாதம் முன்பு அனுப்பப்பட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நெருடும். ஆனால் கோரிங் வந்த பின் லீக்கில் மிச்சமிருந்த 12 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அணி தோற்கவில்லை. அதே வாரங்களில் கென் மாரோ என்ற பின்கள வீரரும் சேர்ந்தார். பிப்ரவரியில் அமெரிக்க மாணவர் அணி சோவியத் யூனியனை வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம் வென்றதே, அதில் ஆடியவர். ஒரே ஆண்டில் ஒலிம்பிக் தங்கமும் ஸ்டான்லி கோப்பையும் வென்ற முதல் ஆள் அவர்.

மே 24, இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், எதிரில் ஃபிளையர்ஸ். 4–4. ஓவர்டைமின் எட்டாவது நிமிடத்தில் பாப் நைஸ்ட்ரம் கோல் போட்டார்.

நான்கு கோப்பையும் சுலபமாக வந்ததா?

இறுதிச் சுற்றுகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1981-ல் மினசோட்டா 4–1, 1982-ல் வான்கூவர் 4–0, 1983-ல் எட்மன்டன் 4–0. வழியில் என்ன ஆனது என்பது வேறு கதை.

1982-ன் முதல் சுற்று. எதிரில் பிட்ஸ்பர்க்; ஐந்து ஆட்டத் தொடர். முதல் இரண்டில் ஐலண்டர்ஸ் துவைத்து எடுத்தது. அடுத்த இரண்டில் பிட்ஸ்பர்க். ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில். ஆறு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம், ஸ்கோர் 1–3. சொந்த அரங்கத்தில் ரசிகர்கள் எழுந்து கிளம்பத் தொடங்கும் நேரம் அது. மைக் மக்யூவன் ஒன்று போட்டார், 2–3. கடைசி இரண்டரை நிமிடத்துக்குள் ஜான் டொனெலி இன்னொன்று, 3–3. ஓவர்டைமில் மறுபடி டொனெலி. அந்த இரண்டு கோலும் விழாமல் போயிருந்தால் 'தொடர்ந்து நான்கு' என்ற பேச்சே கிடையாது. பெரிய சாம்பியன்களின் கதையில் இப்படி ஒரு ஏப்ரல் மாத மாலை எங்கோ ஒளிந்திருக்கும்.

1983 இறுதியில் எதிரே கிரெட்ஸ்கியின் எட்மன்டன் ஆயிலர்ஸ், அன்றைய பெரிய கோல் இயந்திரம். நான்கு ஆட்டத்தில் கிரெட்ஸ்கி போட்ட கோல் பூஜ்யம். தோற்ற பிறகு அவரும் சக வீரர் கெவின் லோவும் ஐலண்டர்ஸ் அறையைத் தாண்டிப் போனதைப் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். உள்ளே கும்மாளமாக இருக்கும் என்று நினைத்தார்களாம். ஆனால் வீரர்கள் தோளிலும் முட்டியிலும் ஐஸ் பொட்டலம் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாங்களோ அடியில்லாமல் நடந்து போகிறோம், இதுதான் வித்தியாசம் என்று அங்கே புரிந்ததாம். மறு ஆண்டு ஆயிலர்ஸ் ஐலண்டர்ஸை 4–1 என்று வீழ்த்தியது.

1980-லிருந்து 1984 இறுதிக்கு முன்புவரை ஐலண்டர்ஸ் வென்ற பிளே-ஆஃப் தொடர்கள் 19, இடையில் ஒரு தோல்வியும் இல்லாமல். நான்கு ஆண்டுக்கு நான்கு வீதம் 16, ஐந்தாம் ஆண்டில் மூன்று. இன்றும் உடையாத சாதனை. அதன் பிறகு எந்த அணியும் தொடர்ந்து நான்கு கோப்பை வென்றதில்லை. பிளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது நான்கு ஆண்டும் நான்கு பேருக்குப் போனது: ட்ராட்டியர், கோரிங், பாஸி, ஸ்மித். 1975-ல் உட்காரவைக்கப்பட்ட அதே பில்லி ஸ்மித்தான் கடைசிப் பெயர்.

1986-ல் விலகியவர் ஏன் திரும்பி வந்தார்?

அணிக்கு வேறு வழி இல்லாததால். மேலே அலுவலகத்தில் இளம் வீரர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவரை 1988 டிசம்பரில் திரும்ப பெஞ்சுக்கு அனுப்பினார்கள். பழைய நட்சத்திரங்கள் போய்விட்டார்கள். சில பருவங்கள் பிளே-ஆஃபுக்கே தகுதி பெறவில்லை.

ஆனால் 1993 இருக்கிறதே, என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான். பிட்ஸ்பர்க் 1991, 1992 இரண்டு ஆண்டும் சாம்பியன். அந்த ஆண்டும் லீக்கில் முதலிடம். ஐலண்டர்ஸின் ஒரே பெரிய நட்சத்திரம் பியர் டர்ஜன், முதல் சுற்றில் கோல் போட்ட மகிழ்ச்சியில் இருக்கும்போதே வாஷிங்டனின் டேல் ஹன்டர் பின்னாலிருந்து மோதியதில் காயம்பட்டு, அடுத்த சுற்றில் பிட்ஸ்பர்க்குடனான தொடரின் பெரும்பகுதிக்கு இல்லை. அந்த அணியை வைத்துக்கொண்டு ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார் ஆர்பர். மே 14 அன்று பிட்ஸ்பர்க்கில், ஓவர்டைமில், பெரிதாக யாரும் அறியாத டேவிட் வோலெக் கோல் போட்டார். கோப்பை இல்லை, அடுத்த சுற்றில் மான்ட்ரியாலிடம் தோற்றார்கள். நட்சத்திரங்களை வைத்து ஜெயிப்பதை விட இது கடினம் என்பது என் கட்சி.

1994-ல் ஓய்வு. அப்போது மொத்த வெற்றிகளில் அவருக்கு மேலே இருந்தவர் ஒருவர் மட்டுமே. அவருடைய பழைய முதலாளி போமன்.

பின்கள வீரர்கள் நல்ல பயிற்சியாளர் ஆவது வழக்கமா?

விதி என்று சொல்ல மாட்டேன். போமன் என்.எச்.எல்-லில் ஆடியதே இல்லை. ஆனால் உதாரணங்கள் உண்டு. மான்ட்ரியாலின் பெரிய பின்கள வீரர் லாரி ராபின்சன், 2000-ல் லீக் முடிய எட்டு ஆட்டம் மிச்சம் இருக்கையில் நியூ ஜெர்சி டெவில்ஸ் பயிற்சியாளராகி அதே பருவத்தில் கோப்பை வென்றார். 2007-ல் அனஹைம் டக்ஸை வெல்லவைத்த ராண்டி கார்லைலும் பின்கள வீரர்தான். இவர்கள் இருவரும் ஆடும்போதே சிறந்த பின்கள வீரருக்கான நாரிஸ் விருது வாங்கிய நட்சத்திரங்கள். ஆர்பர் அப்படி இல்லை. உட்காரவைக்கப்படுவது எப்படி இருக்கும், கீழ் லீக்குக்கு அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பெஞ்சின் கடைசியில் இருப்பவனிடம் பேச அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹால் ஆஃப் ஃபேமில் (ஹாக்கிப் பெரியவர்களுக்கான கௌரவப் பட்டியல்) இருக்கிறாரா?

1996-ல் சேர்த்தார்கள். வீரர் பட்டியலில் இல்லை, ஆட்டத்தை வளர்த்தவர்கள் பட்டியலில்.

1,500-வது ஆட்டம் என்கிறார்களே, அது என்ன?

1994-ல் ஓய்வு பெற்றபோது ஐலண்டர்ஸுக்காக அவர் நடத்திய லீக் ஆட்டங்கள் 1,499. யாரும் கவனிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அரங்கத்தின் உத்தரத்தில் 739 என்ற எண்ணோடு ஒரு பதாகை மட்டும் 1997-லிருந்து தொங்கியது. அது அந்த அணியோடு அவர் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை.

2007-ல் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் டெட் நோலன். இன்னும் ஒன்று சேர்ந்தால் 1,500 ஆகுமே என்று அவர்தான் யோசனையைக் கிளப்பினார். ஒரு நாள் மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்க எத்தனை பயிற்சியாளர்கள் முன்வருவார்கள்? அந்த ஒரு நாளுக்கு ஆர்பரோடு முறைப்படி ஒப்பந்தம் போட்டார்கள். 2007 நவம்பர் 3. இரண்டு நாள் முன்புதான் அவருக்கு 75 நிறைந்திருந்தது. அந்த வயதில் என்.எச்.எல் ஆட்டத்தை அதுவரை யாரும் நடத்தியதில்லை.

எதிரணி மறுபடியும் பிட்ஸ்பர்க். 1975, 1982, 1993 என்று இவர் கையால் மூன்று முறை வெளியேற்றப்பட்ட அதே பிட்ஸ்பர்க். இப்போது அவர்களிடம் இளம் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி இருந்தார்; ஆர்பர் ஓய்வு பெற்றபோது அவர் ஆறு வயதுப் பையன். ஐலண்டர்ஸ் பின்தங்கியிருந்து சமன் செய்தது. ஆட்டத்தின் மூன்றாவதும் கடைசியுமான பகுதியின் இறுதி நிமிடங்களில் மிரோஸ்லாவ் ஷாட்டன் கோல் போட 3–2 வெற்றி.

அதனால் 739 என்ற எண் பழையதாகிவிட்டது. அந்தப் பதாகையை இறக்கினார்கள். 740 என்று எழுதவில்லை. 1500 என்று எழுதி ஏற்றினார்கள்.